கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்: பணமாற்றத்துக்கு முன்கூட்டியே தேதி போட்டு வைப்பது எப்படி?

சின்னக் கடை, ஒர்க்‌ஷாப், டியூஷன் சென்டர் என்று எதை நடத்தினாலும் இன்று இரண்டு வங்கிக் கணக்குகள் இருக்கும். வியாபாரத்துக்கு ஒரு நடப்புக் கணக்கு, வீட்டுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு. கடை வசூல் முதலாவதில் விழுகிறது. வீட்டுக் கடன் தவணை, எல்ஐசி, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் எல்லாம் இரண்டாவதிலிருந்து போகின்றன. நடுவில் பணத்தை நகர்த்தும் வேலை மட்டும் உங்கள் ஞாபகத்தை நம்பி இருக்கிறது. சரக்கு இறங்குகிற நாளிலோ ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன இடத்திலோ அது மறந்துவிடும். மறுநாள் காலை "போதிய இருப்பு இல்லை" என்று எஸ்எம்எஸ் வந்து நிற்கும்.

இந்த வேலையை வங்கியிடமே விட்டுவிடலாம். இன்ன தேதியில், இவ்வளவு தொகையை, இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு மாற்று என்று நெட் பேங்கிங்கில் முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதி பெரும்பாலான வங்கிகளில் இருக்கிறது. ஆப்பில் அதைப் பதிவது ஐந்து நிமிட வேலை. எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று தீர்மானிப்பதுதான் கஷ்டம். அதைச் சரியாகச் செய்யாமல் பட்டனை அமுக்கினால், கையால் மாற்றியபோது வராத தொல்லையெல்லாம் தானாக வரும்.

கீழே சொல்வது தனி உரிமையாளராகத் தொழில் நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. பார்ட்னர்ஷிப், கம்பெனி விஷயம் வேறு. அதைப் பின்னால் தொட்டுச் செல்கிறேன்.

முதலில் வட்டிக் கணக்கு

எல்லாவற்றையும் சேமிப்புக் கணக்கிலேயே ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி வியாபார நிறுவனத்தின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க முடியாது. ஒரே ஆள் நடத்தும் கடையாக இருந்தாலும், கடைப் பெயரில் என்றால் நடப்புக் கணக்குதான். உங்கள் சொந்தப் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் தினமும் ஐம்பது, நூறு என்று க்யூஆர் வசூல் விழுந்துகொண்டிருந்தால், ஒரு நாள் வங்கியிலிருந்து கேள்வி வரும்.

நடப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்குக்கு எவ்வளவு தருவது என்பதை 2011 அக்டோபர் முதல் வங்கிகளே தீர்மானிக்கின்றன. ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் அதை 2.5 சதவீதமாகக் குறைத்தது. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் இருக்கும் தொகைக்கு இந்த வட்டி கணக்கிடப்படுகிறது. 2010 ஏப்ரலில் இருந்து இதுதான் நடைமுறை.

வட்டிக்காக மட்டும் பணத்தை நகர்த்தலாம் என்று நினைத்தால் முதலில் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். 2 லட்சம் ரூபாய் மாதத்துக்கு 20 நாள் சேமிப்புக் கணக்கில் இருந்தால், 2.5 சதவீதத்தில் கிடைப்பது சுமார் 274 ரூபாய். வருடம் முழுக்க விடாமல் செய்தாலும் 3,300 ரூபாய்க்குள்தான். ஒரே ஒரு இஎம்ஐ திரும்பினால் வங்கி சில நூறு ரூபாய் பிடிக்கும், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்குத் தனியாக ஒரு தொகை போடும். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தாமதம் என்று ஏறினால் அதன் விலை இன்னும் அதிகம். ஆகவே எந்த டெபிட்டும் திரும்பாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. வட்டி அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் நடப்புக் கணக்கில் ஓவர் டிராஃப்ட் (சுருக்கமாக ஓடி) அல்லது கேஷ் கிரெடிட், அதாவது இருப்புக்கு மேலும் ஒரு வரம்பு வரை கடனாக எடுக்கும் வசதி இருந்தால், வட்டிக்காகப் பணத்தைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுவது நஷ்டம். அந்தப் பணம் ஓடி கணக்கிலேயே இருந்தால் நீங்கள் கட்டும் கடன் வட்டி குறையும். கடன் வட்டி சேமிப்பு வட்டியைப் போலப் பல மடங்கு. அதோடு ஒரு ஆபத்தும் இருக்கிறது. கையில் பணம் இல்லாத நாளில் சாதாரண நடப்புக் கணக்கில் பணமாற்றம் தோல்வியடைந்து நின்றுவிடும். ஓடி கணக்கில் நிற்காது. கடன் வரம்பிலிருந்து எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடும். தவறு நடந்ததே மாதக் கடைசியில் வட்டி ஏறும்போதுதான் தெரியும். ஓடி வைத்திருப்பவர்கள் வீட்டுச் செலவுக்கும் தவணைக்கும் தேவையான தொகைக்கு மட்டும் தேதி போட்டு வைத்தால் போதும்.

ஆப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாள்

இரண்டு கணக்குகளின் மூன்று மாத ஸ்டேட்மென்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் 1 முதல் 31 வரை எழுதி, எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து என்ன போகிறது என்று குறியுங்கள். கடை வாடகை, வீட்டு இஎம்ஐ, மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக், சீட்டு, இன்சூரன்ஸ், ஆட்கள் சம்பளம்.

அரசுத் தேதிகளைத் தனி நிறத்தில் எழுதுங்கள். டிடிஎஸ் (பிறருக்குக் கொடுக்கும் பணத்தில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பவர்களுக்கு 7-ஆம் தேதி. பிஎஃப், இஎஸ்ஐ இருந்தால் 15. மாதா மாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 3பி படிவத்துக்கு 20. காலாண்டு முறையில் இருக்கும் தமிழ்நாட்டு வியாபாரிகளுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22, காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கான வரியைக் கட்ட, ஒவ்வொன்றுக்கும் அடுத்த மாதம் 25. உத்தேச வருமான முறையில் வரி கட்டும் சிறு வியாபாரிகளுக்கு முன்வரி முழுவதும் மார்ச் 15-க்குள்.

பிறகு வரவுப் பக்கம். வங்கியே கொடுத்த க்யூஆரில் வரும் யுபிஐ பணம் பெரும்பாலும் உடனே கணக்கில் ஏறும். நடுவில் ஒரு பேமென்ட் நிறுவனம் இருந்தாலோ, கார்டு ஸ்வைப் மெஷின் வசூலாக இருந்தாலோ, பொதுவாக அடுத்த வேலை நாள் ஆகும். சனி, ஞாயிறில் நல்ல வியாபாரம் நடக்கும் கடை என்றால், அந்தக் கார்டுப் பணம் திங்களன்றுதான் வந்து சேரும். திங்கள் விடிகாலையில் ஓடும்படி ஒரு மாற்றத்தைப் போட்டுவைத்தால் அது காலிக் கணக்கைத்தான் தட்டும். செவ்வாய் போட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை.

இந்தத் தாளில் இரண்டு இடங்களில் பழைய பழக்கம் நம்மை ஏமாற்றும். ஒன்று செக். முன்பெல்லாம் செக் கொடுத்தால் பணம் போக ஒரு நாளாவது ஆகும், மறுநாள் காலையில் கணக்கில் போட்டுச் சமாளித்துவிடலாம். 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் நாள் முழுக்கத் தொடர்ச்சியாகக் கிளியரிங் ஆகின்றன. காலையில் போட்ட செக் அன்றைக்கே உங்கள் வங்கிக்கு வந்துவிடும். ஆகவே செக்கில் எந்தத் தேதி எழுதினீர்களோ அதற்கு முந்தைய நாளே பணம் நடப்புக் கணக்கில் இருக்க வேண்டும்.

இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை. கடன் தவணைகளைப் பிடிக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. 5-ஆம் தேதி ஞாயிறு என்றால் தவணை திங்கள் போகும் என்று நம்பி உட்கார முடியாது.

தாள் தயாரானதும் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: பணம் போக வேண்டிய தேதிக்கு இரண்டு நாள் முன்னால் மாற்றத் தேதி. ஒரு நாள் முன்னால் போதாதா என்றால், ஒழுங்காக நடந்தால் போதும். நடக்காவிட்டால் அதைக் கவனிக்க ஒரு நாள், கையால் சரிசெய்ய ஒரு நாள் வேண்டும். தவணைகள் பல வங்கிகளில் விடிகாலையிலேயே பிடிக்கப்படுகின்றன என்பதால், அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது சூதாட்டம்.

எந்த வகை மாற்றம்?

ஆப்பில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கும் சில வசதிகள் குழப்பும். ஒருமுறை மட்டும் வருங்காலத் தேதியில் ஓடும் மாற்றம் ஒன்று. 'ஷெட்யூல்', 'பே லேட்டர்' போன்ற பெயர்களில் இருக்கும். வாரா வாரம், மாதா மாதம் அதே தொகை ஓடும்படி செய்வது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். இந்த இரண்டிலும் அனுப்புகிறவர் நீங்கள்.

நாச், யுபிஐ ஆட்டோபே இரண்டும் வேறு ரகம். அவற்றில் எதிர்த்தரப்பு உங்கள் கணக்கிலிருந்து இழுத்துக்கொள்கிறது, நீங்கள் அனுமதி மட்டும் கொடுக்கிறீர்கள். உங்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அவை தேவையில்லை. எவராவது போனில் கூப்பிட்டு "ஆட்டோபே அப்ரூவ் பண்ணுங்க, உங்க சொந்த அக்கவுண்டுக்குத்தான் போகும்" என்றால் துண்டித்துவிடுங்கள்.

ஆட்டோ ஸ்வீப் என்று ஒன்றும் உண்டு. இதில் தேதியைப் பார்ப்பதில்லை, இருப்பைப் பார்க்கிறார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருப்பது தானாக வைப்புநிதியாக மாறி, தேவைப்படும்போது திரும்பும். சில வங்கிகள் நடப்புக் கணக்குக்கும் இதைத் தருகின்றன. வியாபாரப் பணம் பெரிய தொகையாகச் சும்மா கிடக்கிறது என்றால், அதைச் சேமிப்புக் கணக்குக்கும் திரும்பவும் அலைக்கழிப்பதை விட இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எது எதற்கு? தொகையும் தேதியும் மாறாதவற்றுக்கு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். தொகை மாதா மாதம் மாறுபவற்றுக்கு ஒருமுறை மாற்றம். எல்லாவற்றையும் தானியங்கியாக்க ஆசைப்பட வேண்டாம். ஜிஎஸ்டி போல மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டிய தொகையைத் தானியங்கியில் விட்டால், பார்ப்பதே நின்றுபோகும்.

பதிவு செய்வது

இரண்டு கணக்குகளும் ஒரே வங்கியில், ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் இருந்தால் வேலை எளிது. பணமாற்றப் பக்கத்தில் 'ஓன் அக்கவுண்ட்' என்ற பகுதியில் இரண்டும் தெரியும். ஆனால் கடைப் பெயரில் உள்ள கணக்குக்கு வங்கி பெரும்பாலும் தனி வாடிக்கையாளர் எண் கொடுத்திருக்கும், லாகினும் தனி. ஸ்டேட் வங்கியில் நடப்புக் கணக்கு கார்ப்பரேட் நெட் பேங்கிங் பக்கம் போகிறது. ஒரே ஆள் இயக்கும் சிறு தொழிலுக்கு அங்கே 'சரள்' என்ற எளிய வகை இருக்கிறது. வீட்டுச் சேமிப்புக் கணக்கோ தனிநபர் பக்கத்தில் இருக்கும். இப்படி இருந்தால் உங்கள் சொந்தக் கணக்கையே அங்கே பெனிஃபிஷியரியாக, அதாவது பணம் பெறுபவராகச் சேர்க்க வேண்டும். வேறொருவருக்கு அனுப்புவது போலத்தான் செய்ய வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

பெனிஃபிஷியரி சேர்த்தவுடன் முழுத் தொகையும் அனுப்ப முடியாமல் போகலாம். பல வங்கிகள் முதல் 24 மணி நேரத்துக்கு ஒரு சிறிய வரம்பு வைத்திருக்கின்றன. ஆகவே முதல் மாற்றத் தேதிக்கு நாலைந்து நாள் முன்னாலேயே சேர்த்துவிடுங்கள். வங்கி விட்டு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகள் வழியாக அனுப்பும்போது பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவரும்படி ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அந்தப் பெயர் திரையில் வந்தால் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் ஒவ்வொரு மாதமும் ஒரே தவறான இடத்துக்குப் பணம் போகும்.

எந்த வங்கி, எந்தக் கிளை என்று காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டை பழைய பாஸ்புக்கிலிருந்து எடுக்காதீர்கள். அது 11 எழுத்துகள் கொண்டது, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். வங்கிகள் இணையும்போது இது மாறிவிடுகிறது. கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தபோதும், அலகாபாத் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்தபோதும், பழைய குறியீடுகள் சில காலம் கழித்துச் செல்லாமல் போயின. கையால் அனுப்புபவருக்கு அன்றே தெரிந்துவிடும். முன்பே பதிந்து வைத்தவருக்கு ஒரு மாற்றம் திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

இனி திரையில்: எந்தக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்குக்கு, தொகை. 'இப்போதே' என்பதை மாற்றி 'ஷெட்யூல்' தேர்ந்தெடுத்தால் தேதிக் கட்டம் திறக்கும். ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை தடவை அல்லது எந்தத் தேதி வரை என்றும் கேட்கும். குறிப்பு எழுதும் இடத்தில் 'வீட்டுச் செலவு', 'இஎம்ஐ' என்று எழுதுங்கள். காலியாக விட்டால் வருடக் கடைசியில் ஆடிட்டர் ஒவ்வொன்றையும் பிடித்துக் கேட்பார். ஓடிபி போட்டு முடித்ததும் ஒரு பதிவு எண் வரும், அதைத் தாளில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் திட்டமிட்ட மாற்றங்கள் பட்டியலுக்குப் போய், நீங்கள் பதிந்தது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் பதிவாகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி தேர்ந்தெடுக்கும்போது 28-ஐத் தாண்டாதீர்கள். 29, 30, 31 போட்டால் பிப்ரவரியில் என்ன நடக்கும் என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். ஏப்ரல் 1-ஐயும் தவிர்க்கலாம். வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள் அது, ஆன்லைன் சேவையைச் சில மணி நேரம் நிறுத்திவைக்கும் வங்கிகள் உண்டு.

முடிவுத் தேதியைத் திறந்து விடாமல் ஆறு மாதம் மட்டும் போடுங்கள் என்பது என் யோசனை. ஓடும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனை தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி பல ஆப்களில் கிடையாது, ரத்து செய்து புதிதாகத்தான் போட வேண்டும். தொகையை மாற்றவும் அதே கதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது தானாக முடிந்தால், புதுப்பிக்கும் சாக்கில் தொகை இன்னும் பொருந்துகிறதா என்று பார்ப்பீர்கள்.

முதல் முறை 100 ரூபாய்க்கு, மூன்று நாள் கழித்து ஓடும்படி ஒன்று போட்டுப் பாருங்கள். எத்தனை மணிக்கு ஓடுகிறது, எஸ்எம்எஸ் வருகிறதா, இரண்டு ஸ்டேட்மென்டிலும் எப்படித் தெரிகிறது என்று வங்கியின் உதவிப் பக்கம் சொல்லாத எல்லாம் இந்த 100 ரூபாயில் தெரிந்துவிடும்.

குறித்த நாளில் என்ன நடக்கிறது

ஒரே வங்கிக்குள் என்றால் வெறும் புத்தகப் பதிவு, உடனே முடியும். வேறு வங்கி என்றால் பெரும்பாலும் நெஃப்ட். 2019 டிசம்பர் 16 முதல் அது எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குகிறது, அரை மணிக்கு ஒரு தொகுதியாக நாளைக்கு 48 தொகுதிகள். தொகுதி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பணம் அடுத்த கணக்கில் ஏற வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். வங்கி தாமதித்தால் ரெப்போ வட்டியோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 2 சதவீதம் கூட்டி உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. ஐஎம்பிஎஸ் உடனடி, 5 லட்சம் வரை. ஆர்டிஜிஎஸ் குறைந்தது 2 லட்சம்.

சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்பும் நெஃப்டுக்கு 2020 ஜனவரி முதல் கட்டணம் கிடையாது. அந்தச் சலுகை நடப்புக் கணக்குக்கு இல்லை. பல வங்கிகள் ஆன்லைனில் இலவசமாகவே விடுகின்றன. வசூலிப்பதானால் உச்சவரம்பு 10,000 ரூபாய் வரை 2.50, ஒரு லட்சம் வரை 5, இரண்டு லட்சம் வரை 15, அதற்கு மேல் 25 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வாரா வாரம் மாற்றும் திட்டம் என்றால் இதை ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

பணம் இல்லாவிட்டால் மாற்றம் தோல்வியடையும். அன்றே மாலை மீண்டும் முயலும் வங்கியும் உண்டு, ஒரே தடவையோடு விட்டுவிடும் வங்கியும் உண்டு. தொடர்ந்து சில முறை தோற்றால் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனையே ரத்து செய்யும் வங்கிகளும் இருக்கின்றன. இதை மட்டும் கிளையில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு இடத்திலும் சிக்கும். கடைக் கணக்கில் ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறை வைத்திருந்தால், நீங்கள் பதிந்த மாற்றம் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். மைத்துனரோ மேனேஜரோ தேதிக்கு முன் ஒப்புதல் தராவிட்டால் அது காலாவதியாகிவிடும். பட்டியலில் இருக்கிறது என்பது மட்டும் போதாது, 'அப்ரூவ்டு' என்று இருக்க வேண்டும்.

ஒரு மளிகைக் கடையின் மாதம்

கற்பனைக் கடைதான், ஆனால் எண்கள் நடைமுறைக்கு ஒட்டியவை. வீட்டு இஎம்ஐ 5-ஆம் தேதி 18,500. எல்ஐசி 10-ஆம் தேதி 4,200. வீட்டுச் செலவு வாரம் சுமார் 7,000. ஜிஎஸ்டி மாதம் ஏறக்குறைய 12,000, 20-ஆம் தேதிக்குள்.

வீட்டுச் செலவுக்கு ஒவ்வொரு செவ்வாயும் 7,000 ரூபாய் நடப்புக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு. மாதம் ஒருமுறை மொத்தமாக எடுத்தால் அன்றைக்குக் கடைக் கணக்கு வற்றும், வாரா வாரம் என்றால் வலிக்காது. இஎம்ஐக்கு இரண்டு துண்டு: 26-ஆம் தேதி 9,500, 3-ஆம் தேதி 9,500. இரண்டாவது துண்டு தோற்றாலும் பாதிப் பணம் ஏற்கெனவே அங்கே இருக்கும், மீதியைத் தேடுவது சுலபம். கூட்டினால் 19,000. மேலே நிற்கும் 500 ரூபாய், மிதக்கும் வட்டியில் தவணை கொஞ்சம் ஏறினால் தாங்குவதற்கு. எல்ஐசிக்கு 8-ஆம் தேதி 4,200.

ஜிஎஸ்டிக்குத்தான் இருவழி மாற்றம். வசூலில் வரிப் பணமும் கலந்தே வருவதால் அது நம் பணம் மாதிரியே தோன்றும், சரக்குக்குச் செலவாகிவிடும். ஆகவே செவ்வாய்தோறும் 3,000 ரூபாயை இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு ஒதுக்குங்கள். வீட்டுச் செலவுக் கணக்கில் கலக்காதீர்கள். சரக்கு வாங்கும்போது நீங்கள் கொடுத்த வரியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியல் 14-ஆம் தேதி வந்ததும், அந்த உள்ளீட்டு வரி போகக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று தெரியும். அன்றைக்கே, அந்தத் தொகையை மட்டும் 18-ஆம் தேதி நடப்புக் கணக்குக்குத் திரும்பும்படி ஒருமுறை மாற்றமாகப் பதியுங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த மாதத்துக்கு. ஐந்து செவ்வாய் வரும் மாதத்தில் கொஞ்சம் கூடுதலாகவே சேரும்.

தீபாவளிக்கு முந்தைய மாதத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சரக்கு வாங்க நடப்புக் கணக்கு கடைசி ரூபாய் வரை இழுபடும் நேரத்தில் செவ்வாய் மாற்றங்கள் வரிசையாகத் தோற்கும். ஆறு மாத முடிவுத் தேதியை இந்த இடத்தில் விழும்படி வைத்துக்கொண்டால், பண்டிகை முடியும்வரை தொகையைக் குறைத்துப் புதிதாகப் பதியலாம்.

சராசரி இருப்பு

பொதுத்துறை வங்கிகள் பலவும் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை எடுத்துவிட்டன. நடப்புக் கணக்கில் அது இன்னும் இருக்கிறது. மாதச் சராசரி என்றால் ஒவ்வொரு நாள் முடிவின் இருப்பையும் கூட்டி நாட்களால் வகுப்பது. சராசரி 10,000 வேண்டும் என்றால் 30 நாள் மாதத்தில் கூட்டுத்தொகை 3 லட்சம் வந்தால் போதும். தினமும் 10,000 வைப்பதும், ஒரே ஒரு நாள் முடிவில் 3 லட்சம் வைப்பதும் கணக்கில் ஒன்றுதான். ஆகவே மாதக் கடைசியில் சராசரி குறைகிறது என்று தெரிந்தால், சேமிப்பிலிருந்து பெரிய தொகையை ஓரிரு நாள் நடப்புக் கணக்குக்கு மாற்றி, திரும்ப எடுக்கும்படி இரண்டு ஒருமுறை மாற்றங்களைப் பதியலாம். நாள் முடிவு இருப்பைத்தான் பார்ப்பார்கள் என்பதால் ஒரு இரவாவது அங்கே தங்க வேண்டும்.

கணக்குப் புத்தகத்திலும் வரியிலும்

தனி உரிமையாளர் தன் கடைக் கணக்கிலிருந்து தன் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுவது வருமானமும் ஆகாது, செலவும் ஆகாது. புத்தகத்தில் சொந்த எடுப்பு, திரும்பப் போட்டால் முதலீடு. லாபத்துக்குத்தான் வரி, எடுத்த பணத்துக்கு அல்ல. சேமிப்புக் கணக்கு வட்டி வருமானத்தில் சேரும். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதில் 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு, மூத்த குடிமக்களுக்கு வைப்புநிதி வட்டியும் சேர்த்து 50,000.

பார்ட்னர்ஷிப்பில் இப்படி இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, ஒப்பந்தத்தில் உள்ள சம்பளம், பங்கு, எடுப்பு வரம்பு எல்லாம் குறுக்கே வரும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி வேறு, நீங்கள் வேறு. கம்பெனிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குக் காரணம் இல்லாமல் மாதா மாதம் பணம் வந்தால், அதை டிவிடெண்டாகக் கருதி வரி போட இடமிருக்கிறது. ஆடிட்டரிடம் கேட்காமல் பதிய வேண்டாம்.

நிறுத்துவதும் புகார் செய்வதும்

ஓடிபி பதியும்போது மட்டும்தான் கேட்கப்படும். ஓடும் நாளில் எதுவும் கேட்காது. அதனால் மாதம் ஒருமுறை திட்டமிட்ட மாற்றங்கள் பட்டியலைத் திறந்து, நீங்கள் போடாதது எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தெரியாத பதிவு இருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் வரக்கூடாது என்று 2017-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது.

ரத்து செய்ய வேண்டுமென்றால் குறைந்தது ஒரு நாள் முன்னால் செய்யுங்கள். அன்று காலை செய்யும் ரத்து பல வங்கிகளில் அந்த முறைக்குப் பலிக்காது. வீட்டுக் கடன் முடிந்ததும், அதற்காகப் போட்ட மாற்றத்தை ரத்து செய்தீர்களா என்று பாருங்கள். வங்கி தானாக நிறுத்தாது. எந்தக் கணக்கையாவது மூடப் போகிறீர்கள் என்றால், அங்கிருந்து போகும் பதிவுகளோடு, அங்கே வந்து சேரும் பதிவுகளையும் மற்ற வங்கியில் நீக்கிவிட்டு மூடுங்கள்.

மாற்றம் இரண்டு முறை ஓடிவிட்டது, பணம் போனது ஆனால் சேரவில்லை என்றால், பதிவு எண்ணோடு வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்திலேயே பதியலாம், விவரம் கேட்க 14448. அங்கே முதலில் கேட்பது வங்கியில் கொடுத்த புகாரின் எண்ணையும் தேதியையும்தான்.